மாச்சிப்பத்திரையின் அடிப்பக்கம்

கல்யாணமாகி பெங்களூர் ஜீவனஹள்ளிக்கு வந்த புதிதில், நான் போகும் இடமெல்லாம் அந்த வீட்டு வாசனையும் கூடவே வந்தது. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிற பெண் ஒரு நாள் மூக்கை என் தோளருகே கொண்டுவந்து, "தினமும் கோயிலுக்குப் போயிட்டுத்தான் வேலைக்கு வர்றியா?" என்று கேட்டாள்.

"கோயில் இல்ல, எங்க வீட்டு ஹால்" என்றேன்.

அது மாச்சிப்பத்திரையின் வாசனை. கற்பூரத்தையும் துளசியையும் ஒன்றாகக் கசக்கி, கஷாயத்தின் கசப்பைக் கொஞ்சம் சேர்த்தால் ஏறக்குறைய அது வரும். பெங்களூரில் சாமி மாலையிலும் பெண்கள் தலையில் வைக்கிற சரத்திலும் பூவுக்கு நடுவே பச்சையாகத் தெரிவது இந்த இலைதான். நான் வளர்ந்த திருப்பத்தூரில் அந்த இடத்தில் மரிக்கொழுந்து இருக்கும். இரண்டும் நெருங்கிய உறவு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். என் மாமியார் மட்டும் அந்த உறவை ஒப்புக்கொண்டதே இல்லை.

"மரிக்கொழுந்து சோம்பேறிமா. மத்தியானத்துக்குள்ள தல தொங்கிடும். பத்ரேவ பாரு, நேத்து கட்னது இன்னிக்கும் நிமிந்துகினு கீது" என்பார்.

அத்தை பூக்கட்டுகிறவர். மாமா இறந்தபோது என் கணவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அதன்பிறகு அந்த வீடு நின்றது அத்தையின் விரல்களில்தான். நான் வந்தபோது இரண்டு கோயில்களும் பல வாடிக்கை வீடுகளும் அவருக்கு இருந்தன. ஹாலில் ஒரு பாதி எங்களுக்கு. டிவி, இரண்டு நாற்காலி, என் தையல் மிஷின். மறுபாதி அவருக்கு, ஈரச்சாக்கு, நார்க்கட்டு, கூடைகள், ஒரு மணை. காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகுதான் பூவும் இலையும் மூட்டையாக வந்து இறங்கும். மாலையில் திரும்பும்போது எல்லாம் சரங்களாகிக் கூடையில் சுருண்டிருக்கும். அச்சகத்தில் வேலை பார்த்த என் கணவர் வந்ததும் சட்டைகூட மாற்றாமல், அந்தக் கூடையை ஸ்கூட்டரில் தன் முன்னால் நிறுத்திக்கொண்டு வாடிக்கை வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு வருவார்.

நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. வேலை, சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பது. ஒரு போர்டு கெட்டுவிட்டால் எங்கள் பிரிவில் ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றி அது சரியாகிவிட்டால், எது கெட்டிருந்தது என்று கடைசிவரை தெரியாது. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மளிகை, துவைக்க வேண்டியது, ஊருக்கு எழுத வேண்டியது எல்லாம் எனக்கு வரிசையாகத்தான் தோன்றும். "இவ கனா கண்டாக்கூட ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டுத்தான் காணுவா" என்று என் கணவர் அத்தையிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருஷம் மழை தொடங்கிய பிறகு என் கணவருக்கு அரிப்பு ஆரம்பித்தது. முதலில் கண்ணிமைகள் சிவந்து தடித்தன. பிறகு கழுத்து, முழங்கை மடிப்பு. காலையில் கண்ணாடி முன்னால் நின்று, "யாரோ ராத்திரி என்னை அடிச்சிட்டுப் போன மாதிரி இல்ல?" என்று கேட்பார். அச்சகத்து மைதான் காரணம் என்று முதலில் நினைத்தோம். மைசூரில் நண்பர் ஒருவரின் கல்யாணத்துக்கு அவர் லீவு போட்டுப் போனார். திரும்பி வரும்போது முகம் தெளிவாக இருந்தது. ஆகா, மைதான் என்றோம். அடுத்த வாரம் அச்சகத்தில் மிஷின் பழுது, அவருக்கு வேலையே இல்லை, வீட்டில்தான் இருந்தார். அந்த வாரம்தான் கழுத்து முழுக்கக் கொப்புளம் கண்டது. ஆக, மை இல்லை. காரணம் வீட்டில் இருந்தது.

தோல் டாக்டர் அவருடைய முகத்தையும் கழுத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணி மூடாத இடங்களில் மட்டும் வந்திருக்கிறது, காற்றில் வருகிற ஏதோ படுகிறது என்றார். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். சாமந்தி, மாச்சிப்பத்திரை என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரெண்டுமே சூரியகாந்திக் குடும்பம். காலி சைட்டெல்லாம் மொளைக்குதே காங்கிரஸ் செடி, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஒண்ணு ஒத்துக்கலன்னா மத்ததும் ஒத்துக்காம போகலாம். எதுவும் வீட்டுக்குள்ள வேணாம்."

காங்கிரஸ் செடியைத் தெரியாதவர்கள் பெங்களூரில் இல்லை. புத்தகத்தில் பார்த்தீனியம். உப்பைத் தூவியது போல வெள்ளையாகப் பூத்துக்கொண்டு ரயில் பாதையோரமெல்லாம் நிற்கும். எங்கள் வீட்டைச் சுற்றி அது கிடையாது. இருந்தது சாமந்தியும் பத்திரையும்.

செய்தியைக் கேட்ட அத்தை கையிலிருந்த நாரைக் கிழித்து முடித்தார். பிறகு சொன்னார்: "தொட்டில்ல கெடந்தப்பவே இந்த எலைக்குப் பக்கத்துலதான் கெடந்தான். அப்போ ஒத்துகிச்சு. இப்போ இன்னா வந்துச்சாம்?"

எனக்கு அது சரியான கேள்வி என்று பட்டது.

மறுநாளே அத்தையின் பாதி ஹால் காலியானது. எதிர்வீட்டில் காலியாகக் கிடந்த தகர ஷெட்டுக்கு எல்லாம் போயிற்று. அங்கே மழை ஒழுகும், வெளிச்சம் கிடையாது. அந்த ஷெட்டுக்கும் வேறு ஆள் வருவதாகப் பேச்சு இருந்தது. மாலையில் அத்தையே கூடையோடு ஆட்டோவில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். என் கணவரின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. அத்தையின் முகம் வேறு மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்: "பத்ரே இல்லாத மாலைய இந்த ஊர்ல யாரு வாங்குவா? வரலட்சுமி பண்டிகை வரைக்கும் கட்டிக் குடுத்துட்டு உட்டுர்றேன். பையன் மூஞ்சிய விட பூ பெருசா?"

"ம்மா, நான் வேணா வேற வீடு பாத்துக்கினு போறேன்" என்றார் என் கணவர்.

"போடா. நீ போயிட்டா கூடைய யாரு தூக்குவா?"

சிரித்தோம். ஆனால் பூவை விடுவதாக அத்தை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. பூ இல்லாமல் அந்தக் கைகள் என்ன செய்யும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. டிவி பார்க்கும்போதுகூட இல்லாத நாரை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும் விரல்கள் அவை.

"அத்தை, எல்லாத்தையும் ஒரே நேரத்துல வெளிய எடுத்துட்டோம். எது தப்புன்னு தெரியாமலே போயிடும். ஒவ்வொண்ணா திரும்ப உள்ள கொண்டுவருவோம்" என்றேன்.

"இன்னாமா, எம்புள்ள மூஞ்சிய உங்க கம்பெனி சாமான்னு நெனச்சிகினியா?" என்றார். ஆனால் மறுநாள் மணையை ஹாலுக்கு அவரே தூக்கி வந்துவிட்டார்.

முதலில் சாமந்தி மட்டும். பத்திரை ஷெட்டிலேயே இருந்தது; என் கணவர் சாமந்திக் கூடையை மட்டும் பழையபடி எடுத்துப் போனார். எதுவும் வரவில்லை. அத்தை தினமும் மகனின் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்து, "சாமந்தி நல்லவ" என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்து பத்திரையும் உள்ளே வந்தது. சில நாளிலேயே இமைகள் தடித்துவிட்டன.

பத்திரைதான் என்று முடிவாயிற்று. எனக்கே அதில் சந்தேகம் இல்லை. சோதனை ஒழுங்காகத்தான் நடந்திருந்தது. அத்தை மறுபடியும் எல்லாவற்றையும் ஷெட்டுக்கு எடுத்துப் போனார். வாடிக்கை வீடுகளில், பண்டிகைக்குப் பிறகு வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்.

பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை எனக்கு விடுமுறை. வேலை அதிகம் என்பதால் அத்தைக்கு உதவியாக விடிந்ததிலிருந்து ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கட்டத் தெரியாது. இலையைக் கொத்துக் கொத்தாகக் கிள்ளிக் கொடுப்பது என் வேலை. முந்தின நாள் மிச்சமிருந்த இலையில் தொடங்கினோம். வெயில் ஏறும்போது புது மூட்டை வந்தது. ஹொசகோட்டை பக்கத்திலிருந்து இலை கொண்டுவரும் அம்மா அதை இறக்கி வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

மூட்டை பிரிவதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். அதன் வாய்க்கயிற்றை அவிழ்த்ததும் மேலே ஒரு அடுக்குத் தழை, தண்ணீர் தெளித்து அமுக்கி வைத்திருந்தது. அதன் கீழேதான் பத்திரைக் கட்டுகள். அத்தை மேலடுக்கை அள்ளித் தனியாக வைத்தார். கட்டி முடித்த சரங்களைக் கூடையில் சுருட்டி வைத்து, அந்தத் தழையை மேலே பரப்பி மூடினார்.

"அது எதுக்கு அத்தை?"

"வாடாம இருக்க. போற வரைக்கும் குளுகுளுன்னு இருக்கும்."

"அது என்ன தழை?"

"அதுவும் பத்ரேதான். முத்துனது. கட்ட ஆவாது, மூட ஆவும்."

என் தலைக்குள் வரிசை ஒன்று ஓடியது. சாமந்தி தனியாக வந்த நாட்களில் இந்த மூட்டை ஹாலுக்குள் வரவில்லை. மூடும் தழையும் வரவில்லை. பத்திரை வந்தபோது இரண்டும் சேர்ந்து வந்தன. நான் ஒன்றைத்தான் உள்ளே விட்டதாக நினைத்திருந்தேன். விட்டது இரண்டை. கூடையை முன்னால் வைத்து ஸ்கூட்டர் ஓட்டுகிறவருடைய முகத்திலும் கழுத்திலும், காற்று அந்த மேல் தழையைத் தடவிக்கொண்டுதான் வந்து படும்.

தழையில் ஒரு இலையை எடுத்துப் பார்த்தேன். பத்திரை போலவே ஓரமெல்லாம் ஆழமாக வெட்டுப்பட்ட இலை. கசக்கி முகர்ந்தேன். மாச்சிப்பத்திரை வாசனை கும்மென்று வந்தது. அத்தையும் ஒன்றைக் கசக்கி முகர்ந்தார்.

"நான் சொல்லல? பத்ரேதான்."

இலையைக் கீழே போட்டேன். கையில் வாசனை அப்படியே இருந்தது. வெறும் விரலை முகர்ந்தேன். அதே வாசனை. காலையிலிருந்து பத்திரை கிள்ளிய விரல்கள். எதைக் கசக்கினாலும் அதுதான் வரும். ஒரு காலை வேலை செய்த எனக்கே இப்படியென்றால், இத்தனை வருஷமாக அதையே கட்டுகிற அத்தையின் கையில் வேப்பிலையைக் கொடுத்தாலும் மாச்சிப்பத்திரையாக மணக்கும். சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்தேன். சோப்பும் பத்திரையும் சேர்ந்து மணத்தன.

வீட்டுக்குள் ஓடிப்போய் நாலு ஸ்பூன் எடுத்து வந்தேன். நார் வெட்டும் கத்தரியின் முனையால் மூட்டைக்குள்ளிருந்து ஒரு பத்திரையை எடுத்து, இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினேன். மேல் தழையில் ஒன்றை மற்ற இரண்டு ஸ்பூனில்.

அத்தை வாயில் நாரைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாமா இது, எலைக்கு ஸ்பூன்ல சோறு ஊட்றியா?"

"கையப் பின்னால கட்டிக்கிட்டு மோந்து பாருங்க அத்தை."

"கையக் கட்டிக்கினு நிக்க நான் இன்னா இஸ்கூல் பொண்ணா?" என்றார். ஆனாலும் கட்டிக்கொண்டு குனிந்தார். முதல் ஸ்பூனில் மூக்கை வைத்துத் தலையாட்டினார். இரண்டாவதில் வைத்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

"இதுல இன்னாவோ புல்லு வாசன வருது."

எனக்கும் அப்படித்தான் வந்தது. வெறும் களையை மிதித்தால் வருகிற வாடை. கற்பூரமும் இல்லை, துளசியும் இல்லை.

மூக்கு சொல்லிவிட்டது, கண்ணுக்கும் ஏதாவது வேண்டுமே என்று இரண்டு இலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மேலிருந்து பார்த்தால் அக்கா தங்கை. பத்திரை கொஞ்சம் கரும்பச்சை, மற்றது கொஞ்சம் சாம்பல் பச்சை. ஈரத்தில் அந்த வித்தியாசமும் மங்கிவிட்டது. திருப்பிப் போட்டேன். மாச்சிப்பத்திரையின் அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று, மெல்லிய பஞ்சு ஒட்டியது போல இருந்தது. மற்றதன் அடிப்பக்கம் பச்சை.

அத்தை தழை முழுவதையும் பிரித்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். எல்லாம் பச்சை. ஒன்றுகூட வெள்ளை இல்லை.

"அப்போ இது இன்னாது?"

எனக்கு ஒரு ஊகம் இருந்தது. ஒரு கொப்பைப் பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு இருவரும் ரயில் பாதைப் பக்கம் நடந்தோம். காலி இடத்தில் காங்கிரஸ் செடி இடுப்பளவு நின்றது, உச்சியெல்லாம் வெள்ளைப் பூ. பூவை விட்டுவிட்டு, அப்போதுதான் தரையோடு முளைத்திருந்த இளஞ்செடிகளைத் தேடினேன். பூ இல்லாத அந்தச் செடியை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அதாவது, பார்த்திருக்கிறேன், அது இதுதான் என்று தெரிந்ததில்லை. பையை அதன் பக்கத்தில் பிடித்தேன். வெட்டு வெட்டாக அதே இலை, அதே சாம்பல் பச்சை, அதே பச்சை அடிப்பக்கம். கிட்டே பூத்து நின்ற பெரிய செடியின் அடியிலும் அதே இலைகள்.

அத்தை இடுப்பில் கை வைத்து நின்றார். "அடிப்பாவி" என்றார். செடியையா, இலைக்கார அம்மாவையா என்று தெரியவில்லை. "தெனம் இத்த தாண்டிதான் ரேஷன் கடைக்கிப் போறேன்."

இலைக்கார அம்மா திரும்பி வந்தபோது அத்தை தழையை அவர் முன்னால் போட்டார். "இத்த ஏன் போட்ட?"

"தண்ணி நிக்கும் அக்கா. மொதல்ல மூடறதுக்கு வாழையெல ஹாக்தா இருந்தேன். இப்போ வாழையெலய ஓட்டல்காரங்க கேக்கறாங்க. இது தோட்டத்து ஓரமா சும்மா பெளஞ்சு கெடக்குது, பூ வர்றதுக்கு முன்னாடி அறுத்துப் போட்டேன். பூ இருந்தா நீங்க பேஜார் ஆவீங்கன்னு."

"எப்போலேர்ந்து?"

"மழெ புடிச்சதுலேர்ந்து."

அத்தை என்னைப் பார்த்தார். தொட்டிலில் ஒத்துக்கொண்டது இப்போது ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

சண்டை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அந்த அம்மாவும் அதை வெறுங்கையால்தான் அறுத்து, கட்டி, தலையில் சுமந்து வந்திருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தைக்கும் எனக்கும் ஆகவில்லை. அது சிலருடைய தோலைத் தேர்ந்தெடுத்துப் பிடிக்கும் என்று டாக்டர் பின்னால் சொன்னார். அன்றைக்கு அத்தை, "இனிமே ஈரச்சாக்கு போட்டு மூடு. தழ ஒண்ணு வந்துச்சுன்னா மூட்டையோட திருப்பி அனுப்சிருவேன்" என்று மட்டும் சொல்லி, ஒரு டீ கொடுத்து அனுப்பினார்.

ஆனால் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஊகம் பொருந்திவிட்டது என்பதற்காகப் போர்டை பேக் செய்து அனுப்பிவிட மாட்டோம். ஷெட்டில் கூடைகளைக் கழுவி, பழைய சாக்குகளை எறிந்து, என் கணவரின் சட்டைகளையும் ஸ்கூட்டர் உறையையும் துவைத்தேன். இமை வீக்கம் வடியும்வரை காத்திருந்து, பத்திரையை மட்டும் ஹாலுக்குக் கொண்டு வந்தோம். ஒவ்வொரு கொப்பும் உள்ளே வரும்போது திருப்பிப் பார்க்கப்பட்டது. மாலையில் கூடைக்கு மேல் ஈரத்துணி.

அந்த நாட்களில் என் கணவர் வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு பெண்கள் அவர் கழுத்தைப் பார்க்க வந்து நிற்போம். "டிக்கெட் வெச்சு காட்லாம்போல கீது" என்பார். முதல் நாள் எதுவும் இல்லை. அடுத்தடுத்த நாட்களிலும் இல்லை. டாக்டர் சொன்னதுபோல உறவுக்காரச் செடிகளும் சேர்ந்து படுத்தியிருக்கலாம். இவர் விஷயத்தில் அப்படி ஆகவில்லை. டாக்டரிடமே போய்ச் சொன்னோம். கழுத்தைப் பார்த்துவிட்டு, "சரி, கட்டுங்க. ஆனா கவனமா இருங்க, மறுபடி வந்தா உடனே வாங்க" என்றார்.

அத்தை அன்று மாலையே கிளம்பி, வேறு ஆள் பார்க்கச் சொன்ன வீடுகளுக்கெல்லாம் போய், பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு வீட்டில் ஏற்கெனவே வேறு ஆளிடம் பேசிவிட்டார்களாம். "அவ மரிக்கொழுந்து வெச்சு கட்றாளாம். ரெண்டு நாள்ல திரும்ப வருவாங்க பாரு" என்றார். வந்தார்கள்.

வரலட்சுமி பண்டிகைக்கு முந்தைய நாள் எங்கள் ஹாலில் கால் வைக்க இடமில்லை. டிவி மேலேகூடச் சாமந்தி. அத்தை புது மூட்டையைப் பிரித்து, கட்டைவிரலால் ஒவ்வொரு கொப்பையும் புரட்டி, "வெள்ள, வெள்ள, வெள்ள" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே என் பக்கம் எறிந்துகொண்டிருந்தார். பார்க்காமலே கட்டுகிற அந்த விரல்கள் புரட்டுவதற்கு மட்டும் ஒரு கணம் நின்றன. என் கணவர் கூடையைத் தூக்கும்போது, "டேய், நில்லு" என்று காலரை விலக்கிப் பார்த்து, ஈரக்கையால் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார்.

மறுநாள் பூஜை முடிந்து பாயசம் பரிமாறப் போனபோது ஸ்பூன் குறைந்தது. தேடினேன். நாலும் அத்தையின் நார்க்கட்டுக்குள் செருகியிருந்தன. அடிப்பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறதே, ஸ்பூன் எதற்கு என்று கேட்டேன்.

"இருக்கட்டும்மா. கண்ணு பொய் சொன்னா?" என்றார்.

அதில் இரண்டைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிப் பாயசத்தில் போட்டேன். என் கணவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ம்மா, பாயசத்துல பத்ரே வாசன வருதே."

"வந்தா வந்துட்டுப் போவுது, சாப்டு" என்றார் அத்தை. "அதுதான் ஒனக்கு ஒத்துக்குதே."